இருநூற்றுப் பதினான்கு மின்னல்கள்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாராவது தன்னைத் 'தலைவரே' என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்பது பல் டாக்டரின் ஆசை. அப்படியொன்றும் பேராசை இல்லை. ஆனாலும் ஐம்பத்தொரு வயது வரை கைகூடவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவர்கள். அந்த நிலையில் மனிதனால் 'ஆ' என்று மட்டும்தான் மரியாதை செலுத்த முடியும். குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நின்று பார்த்தார். நாலு ஓட்டு விழுந்தது. தன்னுடையதையும் மனைவியுடையதையும் கழித்துவிட்டு மிச்ச இரண்டு பேருக்கு நன்றி சொல்லத் தேடிக்கொண்டிருந்தார். "நான் எங்கங்க போட்டேன்? எனக்கு அன்னிக்கு டியூட்டி" என்று மனைவி சொன்ன பிறகு மூன்று பேரைத் தேட வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். யாரோ ஓட்டி அலுத்துப்போன வண்டி, ஆனால் அலுப்பு வெளியே தெரியாத வண்டி. உயரம் அவருடைய இடுப்பு வரைக்கும்தான். மற்ற கார்களில் ஏறிக்கொள்வார்கள். இதில் இறங்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் உள்ளேயிருந்து ஏறி வெளியே வர வேண்டும். அதைக் கௌரவமாகச் செய்வதற்கு டாக்டர் வீட்டு வாசலில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தார். மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்த மனைவி, "எங்க வார்டுல இதுக்கு ரெண்டு பேர் கைத்தாங்கலாப் பிடிப்போம்" என்றாள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ்.

கார் வந்ததும் சங்கம் வந்தது. வேகக் கார் உரிமையாளர் சங்கத்தில் பதினோரு உறுப்பினர்கள், பத்துப் பதவிகள். பதவி இல்லாத ஒரே உறுப்பினர் நம் டாக்டர். ஆனால் நல்ல காலம் பிறந்தது. முதுகுவலி தாங்க முடியாமல் சங்கத் தலைவர் தன் காரை விற்றுவிட்டு, நாற்காலி உயரத்துக்கு இருக்கை உள்ள குடும்ப வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கண்ணீரோடு விலகினார். நாற்காலி காலியானது. டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்த இடத்தில் மின்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரி கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதன்மேல் குட்டியாக ஒரு கார், அதன் பின்னால் பாம்பு நெளிந்து போனது போல இரண்டு தடம். பொத்தானைத் தட்டினால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் அணைக்கப்பட்டது என்று திரையில் எழுத்து வரும். ஆண்மகன் என்பவன் வண்டியில் உட்கார்ந்ததும் முதலில் அதை அணைப்பான் என்பது சங்கத்தின் அடிப்படைக் கொள்கை. "சக்கரத்துக்கும் எனக்கும் நடுவுல கம்ப்யூட்டருக்கு என்னய்யா வேலை?" என்று டாக்டர் கேட்டால் ஒன்பது தலைகள் ஆமோதித்து ஆடும்.

அணைத்துவிட்டு வளைவில் வேகமாகப் போனால் ஒரு அதிசயம் நடக்கும். அதே பாம்புத் தடப் படம் மஞ்சள் விளக்காகத் திரையில் மின்னும். மின்னும், அணையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கார் விழித்துக்கொண்டு தன்னைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறது என்று அவருக்குப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, "நேத்து மலை ரோட்டுல பன்னெண்டு மின்னல்!" என்று அறிவித்தார். கூட்டம் மூக்கின்மேல் விரலை வைத்தது. அடுத்த வாரம் எல்லாரும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி வைத்திருந்த செயலாளர், எதற்கும் பதிவேடு போடாமல் தூங்காதவர். தேதி, சாலை, மின்னல் எண்ணிக்கை, கையொப்பம் என்று கோடு போட்டு, தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

எட்டு மாதத்தில் டாக்டரின் கணக்கு இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றையும் நேர்மையாக எண்ணி, அன்றன்றைக்கே எழுதியிருந்தார். அடுத்த இடத்தில் இன்னொரு உறுப்பினரான பேக்கரிக்காரர், நூற்று எழுபத்தொன்று. கடைசியில், சட்ட ஆலோசகராகிய ஓய்வுபெற்ற ஜட்ஜ். அவருக்கு எட்டு மாதமாகப் பூஜ்யம். "பல்பு போயிருக்கும் சார், காட்டிப் பாருங்க" என்று செயலாளர் ஆறுதல் சொல்வார். ஜட்ஜ் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சுவார்.

எனவே புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு எதற்கு? அதிக மின்னல் வாங்கியவர் தலைவர். ஈரத்தரையில் வண்டி ஓட்டிப் பழகச் சங்கம் ஏற்பாடு செய்திருந்த பயிற்சி நாளன்று மாலை மூன்று மணிக்குக் கணக்கு முடிக்கப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று குடும்பத்தோடு வர வேண்டும் என்றும் தீர்மானம் போட்டிருந்ததால், வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரில் கால் வைக்காத டாக்டரின் மனைவியும் வந்தாள்.

பஸ் டிரைவர்களுக்கும் தீயணைப்பு வண்டி டிரைவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற மைதானம் அது. நடுவில் வழவழவென்று தேய்த்த சிமென்ட் வட்டம். சுற்றிலும் குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தன. ஆங்காங்கே ஆரஞ்சு நிறக் கூம்புகள். பயிற்சி கொடுப்பவள் நாற்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில். பளபளக்கும் பத்துக் கார்களையும் ஒரு பார்வை பார்த்தாள். தீயணைப்பு வண்டியையே வட்டமடிக்க வைத்தவளுக்கு அவை பொம்மை மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றி வேட்பாளர் என்ற முறையில் டாக்டர் முதலில் இறக்கப்பட்டார். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். பின்சீட் என்ற பெயரில் கைப்பை வைப்பதற்காக விட்டிருந்த சந்தில், முழங்காலைக் காதோடு சேர்த்து மடித்துக்கொண்டு மனைவி.

"எந்த செட்டிங்ல ஓட்டுவீங்க சார்?"

"எல்லாம் ஆஃப், மேடம்."

"எல்லாமா?"

"எல்லாம். நான் சக்கரத்தோட நேரா பேசற ஆளு."

"பேசுங்க. நானும் கேக்கறேன்."

டாக்டர் பொத்தானை ஒரு தட்டு தட்டினார். எழுத்து வந்தது. முதல் வளைவில் மிதித்தார். விளக்கு மின்னியது. "ஒண்ணு!" என்றார். அடுத்த வளைவு. "ரெண்டு! பாத்தீங்களா மேடம்? மூணு!" ஒரு சுற்று முடிவதற்குள் ஏழாகிவிட்டது. பூரிப்போடு வண்டியை நிறுத்தினார்.

"என்ன சார் எண்ணிட்டு வந்தீங்க?"

"மின்னலை."

"எதுக்கு?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? அதான ஸ்கோர்."

பயிற்சியாளர் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே மடிந்திருந்த மனைவி மெல்ல வாயைத் திறந்தாள்.

"எங்க வார்டுல மானிட்டர் மஞ்சளா மின்னுச்சுன்னா, யாருக்கோ மூச்சு வாங்குது, ஓடிவான்னு அர்த்தம்."

"இங்கயும் அதேதாங்க அக்கா" என்றாள் பயிற்சியாளர்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க பொத்தானை ஒரு தட்டுதான தட்டினீங்க? அதுல டிராக்‌ஷன் மட்டும்தான் ஆஃப் ஆகும். நீங்க ஓவரா மிதிச்சா சக்கரம் பிடிப்பு இல்லாம நின்ன இடத்துலயே சுத்தும் பாருங்க, அதைத் தடுக்கற வேலை அதோடது. அது போயிடுச்சு. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்னு இன்னொண்ணு இருக்கு, அது போகலை. அது பாட்டுக்கு முழிச்சிட்டிருக்கு. நீங்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பறீங்க, வண்டி வேற பக்கம் போகப் பாக்குது. உடனே ஸ்டெபிலிட்டி ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, வண்டியைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருது. அந்த நேரத்துலதான் லைட் மின்னும்."

"அப்படின்னா ஒவ்வொரு மின்னலும்..."

"நீங்க பண்ணின ஒரு தப்பு. கார் திருத்தினது."

"இருநூத்திப் பதினாலு" என்றது பின்சீட்டுச் சந்து.

டாக்டர் அவ்வளவு சீக்கிரம் சாய்கிறவர் இல்லை. "முழுசா ஆஃப் பண்ண என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"இப்படியே நிறுத்தி வெச்சு, அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க. லைட் மின்னாது. விடாம நின்னு எரியும். அதுக்கப்புறம் நீங்களும் சக்கரமும்தான். நல்லா பேசிக்கலாம்."

"நான் இறங்கிக்கவா?" என்றாள் மனைவி.

"இங்க இடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. சும்மா உக்காருங்க."

டாக்டர் அழுத்திப் பிடித்தார். ஐந்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று பல்லில் மருந்து வைக்கும்போது அவர் யோசித்ததே இல்லை. விளக்கு நின்று எரிந்தது. முதல் வளைவைத் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்தது. இரண்டாவது வளைவில் வழக்கம்போல மிதித்தார்.

காரின் பின்பாகம், முன்பாகத்துக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு கட்டியது. மைதானம் சுற்றியது. ஒன்பது கார்கள் போயின, கழிப்பறைக் கட்டடம் போனது, மறுபடியும் அதே ஒன்பது கார்கள் வந்தன. டாக்டர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மரியாதைக்குத் திரும்பியதே தவிர, வண்டி அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மூன்றாவது சுற்றின் நடுவில், வந்த திசையைப் பார்த்தபடி கார் நின்றது. வயிற்றுக்கு அடியில் மூன்று கூம்புகள் நசுங்கிக் கிடந்தன.

முதலில் கேட்டது கைதட்டல். அதற்குப் பிறகு யாரோ விசிலடித்தார்கள். டாக்டர் காரிலிருந்து வெளியே ஏறி நின்றார். செயலாளர் தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தலைவரே! என்ன ஒரு சுத்து! வேணும்னே சுத்தினீங்க இல்ல?"

தலைவரே.

ஐம்பத்தொரு வருடம் காத்திருந்த சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. வேண்டுமென்றே சுற்றவில்லை என்று சொல்ல வாய் திறந்தது உண்மை. ஆனால் திறந்த வாய் சிரிப்பாக மாறிவிட்டது. மனைவி பின்னாலிருந்து தன்னைத் தானே பிரித்தெடுத்துக்கொண்டு இறங்கி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நூத்தி முப்பது" என்றாள்.

"மின்னலா?" என்று செயலாளர் ஆவலோடு கேட்டார்.

"நாடித்துடிப்பு."

டாக்டர் பயிற்சியாளரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மேடம், இப்ப உள்ள பேசினோமே, அது..."

"நான் வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறவ சார். சங்கத்தை ஓட்டறது உங்க பாடு."

போதாதா? மூன்று மணிக்கு இன்னும் நாலு மணி நேரம்தான். தலைவரான பிறகு, நிதானமாக, ஒரு சுற்றறிக்கை மூலம் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். அவர் டீயும் பிஸ்கட்டுமாக, தலைவர் எப்படி நிற்பாரோ அப்படி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பேக்கரிக்காரர் வந்தார். கையில் கார் சாவி.

"அண்ணே, நாப்பத்தி மூணுதான் குறையுது எனக்கு. மூணு மணி வரைக்கும் டைம் இருக்கே, இப்ப மலை ரோட்டுல சரியான மழையாம். வளைவுக்கு ரெண்டு வெச்சாலும் போதும், ஒரே ஏத்தத்துல உங்களைத் தாண்டிடுவேன்."

"இப்ப எதுக்குப்பா? மழையில?"

"மழையிலதாண்ணே நல்லா மின்னும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, வளைவுக்குள்ள போயி மிதிடான்னு? எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். அவ எண்ணிட்டு வருவா. நான் எண்ணிட்டே ஓட்டினா ரோட்டைப் பாக்க முடியலை."

"வேணாம் தம்பி. சொன்னாக் கேளு."

"பயந்துட்டீங்களா?" என்று பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சீட்டை அவ்வளவு சுலபமா விட்டுக்குடுத்துடுவேன்னு பாத்தீங்களாக்கும்!" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அதில் அவருடைய மகள் ஏற்கனவே உட்கார்ந்து, விரலால் எண்ணிப் பழகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். வார்டில், மருந்துச் சீட்டைத் தப்பாக எழுதிவிட்டு நிற்கிற இளம் டாக்டர்களை அவள் இப்படித்தான் பார்ப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அந்தப் பார்வைக்கு முன்னால் பெரிய பெரிய பட்டங்களே நடுங்கும் என்பார்கள். இவரிடம் இருந்தது பல் பட்டம்.

ஓடினார். ஈரத்தில் இரண்டு தடவை வழுக்கி, தன்னைப் பிடித்து நிறுத்த எந்த ஸ்டெபிலிட்டியும் இல்லாமலே சமாளித்து ஓடினார். பேக்கரிக்காரரின் கார் உறுமிக்கொண்டு நகரத் தொடங்கியபோது வேறு வழி தெரியாமல் அதன் பானெட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த வண்டி என்பதால் வசதியாகவே இருந்தது.

"அண்ணே, பெயின்ட்டு!" என்று உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"இறங்க மாட்டேன். எல்லாரும் இங்க வாங்க!"

சங்கம் கூடியது. டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். எட்டு மாதமாகத் தான் எதையும் முழுசாக அணைத்ததே இல்லை என்றார். கார்தான் தன்னை ஓட்டியது என்றார். "மின்னல்னு எழுதினோமே, அதெல்லாம் வண்டி நம்மளைக் காப்பாத்தின தடவைங்க. காலைல சுத்தினேன் பாருங்க, அது வித்தை இல்ல. அது விழுந்தது. மலை ரோட்டுல அந்த மாதிரி சுத்தறதுக்கு இடம் கிடையாது."

"அதெப்படி டாக்டர்?" என்றார் செயலாளர், பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி. "பதிவேட்டுல கையெழுத்தெல்லாம் இருக்கே!"

பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "அவர் சொல்றது சரிதான் சார். வண்டியோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கும்."

பேக்கரிக்காரர் இன்ஜினை அணைத்தார். மகள் விரல்களை மடக்கிக்கொண்டாள். அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் நடந்ததை எந்தச் சங்கத்தின் வரலாற்றிலும் பார்க்க முடியாது.

"அண்ணே," என்று தொண்டையைக் கனைத்தார் பேக்கரிக்காரர், "என்னோட நூத்தி எழுபத்தொண்ணுல நூத்தி அறுபத்தஞ்சு இண்டிகேட்டர் லைட்டுங்க. அதுவும் மின்னும் பாருங்க, தப்பா சேத்துட்டேன்."

"என்னுது தொண்ணூத்தாறுன்னு இருக்கா? அது அறுபத்தொன்பது," என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே. "அவசரத்துல எண்ணை மாத்திப் போட்டுட்டேன். அதுலயும் ஒரு அறுபது சும்மா உற்சாகத்துல போட்டது."

"எனக்கு முப்பதா? நான் அந்த மாசம் ஊர்லயே இல்லையே!" என்றார் துணைத் தலைவர்.

பொருளாளர் தன் காருக்கு அப்படி ஒரு விளக்கே கிடையாது என்று சத்தியம் செய்தார். எட்டு மாதமாக மின்னலுக்காக அடித்துக்கொண்டவர்கள், ஒரு மின்னலாவது குறையாதா என்று வரிசையில் நின்றார்கள். செயலாளர் அடித்துத் திருத்தினார், திருத்தியதை அடித்தார். டாக்டரைத் தவிர எல்லாருடைய கணக்கும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி நின்றது. இவ்வளவு காலம் இவர்கள் ஊதிப் பெருக்கி எழுதியதை டாக்டர் இப்போதுதான் புரிந்துகொண்டார். ஒழுங்காக எண்ணியவர் அவர் ஒருவர்தான். ஊரிலேயே மோசமான ஓட்டுநர் என்பதற்கு, நாள்வாரியாக, கையொப்பத்தோடு சான்று வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான்.

"உங்களுது எவ்வளவு குறைக்கலாம் டாக்டர்?" என்று செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துப் பரிவோடு கேட்டார். "தயங்காம சொல்லுங்க. ஒரு ரெண்டுன்னு போட்டா இப்பவும் நீங்க தலைவராக வாய்ப்பு இருக்கு. காலைல அந்தச் சுத்து வேற நல்லா இருந்துச்சு."

டாக்டர் பானெட்டிலிருந்து இறங்கினார். பதிவேட்டை வாங்கித் தன் பக்கத்தைப் புரட்டினார். நீல மையில், குட்டிக் குட்டி எழுத்தில், ஒரு திருத்தல் இல்லாமல் இருந்தது.

"இருநூத்திப் பதினாலு," என்றார். "காலைல வாங்கின ஏழு இதுல ஏறலை. இருநூத்தி இருபத்தொண்ணுன்னு போடுங்க."

அதன்பின் பேச என்ன இருக்கிறது? எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜட்ஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எட்டு மாசமா ஒரு தடவை கூட மின்னலையே! எப்படி சார்?" என்றார் செயலாளர்.

"மின்னலைன்னு நான் சொல்லலையே," என்றார் ஜட்ஜ். "நீங்களா பூஜ்யம்னு எழுதிக்கிட்டீங்க. எனக்கு அந்த லைட் எங்க இருக்குன்னே தெரியாதுப்பா. ஓட்டும்போது நான் ரோட்டைத்தான் பாப்பேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். டாக்டரும் கையைத் தூக்கினார். தூக்கும்போது கை கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். "வாழ்த்துகள் தலைவரே" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். சொல்கிற பக்கத்தில் நின்று பார்த்தால், அந்த வார்த்தை அப்படியொன்றும் பெரிதாக இல்லை.

பிற்பகலில் அவர் மறுபடி வட்டத்தில் இறங்கினார். இந்தத் தடவை எதையும் அணைக்கவில்லை. மனைவி முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். பயிற்சியாளர் வெளியே தண்ணீரில் நின்றபடி, "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க! உள்ள போயி மிதிக்காதீங்க! ஸ்டியரிங் நேரான அப்புறம் மெதுவா, மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். மனைவியின் கண் மஞ்சள் விளக்கின் மேல் இருந்தது. இருபது வருடமாகச் செய்கிற வேலை.

"இந்த ரவுண்டு அஞ்சு" என்றாள்.

"போன ரவுண்டு?"

"ஒன்பது."

அடுத்த சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை இறகு மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"ரெண்டு."

"ரெண்டா? அந்தக் கடைசி வளைவுல மின்னலையே?"

"லேசா மின்னுச்சு. என்கிட்ட பேரம் பேசாதீங்க."

டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல், குரலை மட்டும் தாழ்த்திக் கேட்டார்.

"அவங்கல்லாம் பாத்துட்டிருக்காங்களா? சிரிக்கறாங்களா?"

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வட்டத்துக்கு வெளியே ஒன்பது கார்கள் வரிசையாக நின்றிருந்தன. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு தலை குனிந்திருந்தது. பக்கத்துக் காரிலிருந்து யாராவது பார்த்தால், போனைப் பார்ப்பது போலத்தான் தெரியும்.

"யாரும் பாக்கலை," என்றாள். "எல்லாரும் கார்ல உக்காந்து, வண்டியோட வந்த புத்தகத்தைப் படிச்சிட்டிருக்காங்க. ஜட்ஜும்தான். நீங்க அடுத்த வளைவைப் பாருங்க."